தோகோனாமே: ஒரு தேநீர்க் கெண்டிக்காக இரண்டு நாள்

டிக்கெட்டில் நகோயா என்று போட்டிருக்கும். விமானம் இறங்குவது என்னவோ தோகோனாமேயில்தான். கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில் 2005-இல் திறந்த சூபு சென்ட்ரேர் விமான நிலையம் இந்த ஊரின் எல்லைக்குள் வருகிறது. இறங்கியவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே நகோயாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத் தொலைவில், ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டாகச் சூளை எரிந்த ஓர் ஊர் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. முதல் தடவை நாங்களும் அப்படித்தான் தாண்டிப் போனோம்.

இரண்டாம் தடவை போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் இடது கை. ஜப்பானியத் தேநீர்க் கெண்டியை 'க்யூசு' என்பார்கள். அதன் பிடி நம் கெட்டில் போலப் பின்னால் இருக்காது. மூக்குக்குச் செங்கோணமாக, பக்கவாட்டில் கரண்டிக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வலது கைக்காரர் மணிக்கட்டை லேசாக உள்ளே திருப்பினால் போதும், தேநீர் விழும். இடது கைக்காரர் அதே கெண்டியைப் பிடித்தால் கையை வெளிப்பக்கமாக முறுக்க வேண்டும். முதல் பயணத்தில் வாங்கிய கெண்டியால் இவர் மேசை விரிப்பை நனைத்ததுதான் மிச்சம். இடது கைக் க்யூசு என்று ஒன்று உண்டு, அது கிடைக்க வாய்ப்புள்ள ஊர் தோகோனாமே என்று தெரிந்ததும் இரண்டு நாள் ஒதுக்கிப் போனோம். அந்த அனுபவத்தில் எழுதுவது இது. ஜப்பானுக்குப் புதிதாகப் போகும் தம்பதிகளை, அதிலும் ஓடி ஓடிப் பார்க்கப் பிடிக்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் இந்த ஊர் என்று ஒரு வார்த்தை. ஜப்பானில் நடுக்காலத்திலிருந்து இன்றுவரை விடாமல் மண்பாண்டம் செய்யும் ஆறு ஊர்களை 'ஆறு பழஞ்சூளைகள்' என்று சேர்த்துச் சொல்வார்கள்: தோகோனாமே, செத்தோ, எச்சிசென், ஷிகராகி, தம்பா, பிசென். ஆறுமாகச் சேர்ந்து 2017-இல் அரசின் 'ஜப்பான் மரபு' பட்டியலில் இடம்பெற்றன. இவற்றில் சிலவற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். தோகோனாமேயில் ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே எல்லாம் முடிந்துவிடும். கார் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம்.

நாள் குறிப்பது

ஏப்ரலும், அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் கடைசி வரையும் நல்ல காலம். ஜூன் பாதியிலிருந்து ஒரு மாதம் மழை. ஆகஸ்டில் சென்னையை நினைவூட்டும் புழுக்கம். மேடு ஏறி இறங்கும் ஊர் என்பதால் அந்த வெக்கையில் நடப்பது சண்டையில்தான் முடியும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை 'கோல்டன் வீக்' விடுமுறை. அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் இசே விரிகுடாவிலிருந்து காற்று வெட்டும், ஆனால் கூட்டம் இருக்காது.

கிழமையும் பார்க்க வேண்டும். இங்கே கடைகள் பெரும்பாலும் குடும்பமே நடத்துபவை. வாரத்தின் நடுவில் ஒரு நாள் சாத்திவிடுவார்கள், ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நாள். பழைய சூளையும் ஓடுகளும் பார்க்கக் கிடைக்கும் இனாக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் புதன் விடுமுறை. வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்து சனி மாலை கிளம்புவது எங்களுக்குச் சரியாக இருந்தது. சனிக்கிழமைக் கூட்டம் வருவதே பதினொரு மணிக்கு மேல்தான்.

வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த ஊருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்கின்றன. என்னைக் கேட்டால், இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் போகவே வேண்டாம். ஒரு பழைய தெரு, நாலு கடை, ஒரு பூனைப் படம், அவ்வளவுதான் மிஞ்சும். ஒரு இரவு தங்கினால்தான் ஊர் பிடிபடும்.

போய்ச் சேர்வது

விமான நிலையத்திலிருந்து மெய்தெட்சு நிறுவனத்தின் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். முதலில் ரிங்கு தோகோனாமே வரும். அது கடலோரத்துப் புது ஊர், அங்கே இறங்கிவிடாதீர்கள். அடுத்ததுதான் தோகோனாமே. 'மியூஸ்கை' என்ற அதிவேக ரயில் நிற்காமல் போய்விடும் என்பதால் அதை விட்டுவிட்டு வேறு ரயில் ஏறுங்கள்.

நகோயாவிலிருந்து வருவதானால் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும், ரயிலைப் பொறுத்து. இங்கே ஒரு எச்சரிக்கை. மெய்தெட்சு நகோயா நிலையம் நிலத்தடியில் இருக்கிறது. இருப்பதே இரண்டு தண்டவாளம். வெவ்வேறு ஊருக்குப் போகும் ரயில்கள் ஒரே நடைமேடைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக வந்து போகும். வந்த ரயிலில் ஏறினால் டொயோஹாஷிக்கோ வேறு எங்கோ போய்விடுவீர்கள். எந்தத் திசைக்கு எந்த நிறத்தில் வரிசை நிற்க வேண்டும் என்று மேலே பலகை தொங்கும். அந்த நிறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். லிமிடெட் எக்ஸ்பிரஸ் ரயிலில் சில பெட்டிகளுக்குக் கூடுதல் கட்டணச் சீட்டு வேண்டும், மற்றவை சாதாரணப் பெட்டிகள். இது தெரியாமல் நல்ல இருக்கையாகப் பார்த்து நாங்கள் உட்கார்ந்து, பரிசோதகர் வந்து குனிந்து வணங்கிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் அபராதம் மாதிரி ஒன்றை வாங்கியதில்லை.

முன்பணம் ஏற்றி வைத்துப் பயன்படுத்தும் சுய்கா, மனாகா போன்ற பயண அட்டை கையில் இருந்தால் டிக்கெட் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நிலையத்தில் காசு போட்டுப் பூட்டும் பெட்டிகள் இருக்கின்றன. பெரிய பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். பாதை முழுக்க ஏற்றமும் படியும் சந்தும்தான். சுற்றுலாத் தகவல் மையமும் நிலையத்திலேயே இருக்கிறது. வரைபடம் இலவசம். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். கையில் ரொக்கமும் வேண்டும். சின்னப் பட்டறைகளில் அட்டையை நீட்டினால் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவார்கள்.

முதல் சுற்று: வெள்ளி மதியம்

நிலையத்திலிருந்து மேடு நோக்கி நடந்தால் சாலையோரக் கான்கிரீட் சுவரில் வரிசையாகப் பூனைகள். மொத்தம் 39. ஒவ்வொன்றும் ஒரு கலைஞர் செய்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல்: படிப்பு, பிரசவம், பயணம், குடும்ப ஒற்றுமை என்று. ஒரு கையைத் தூக்கிக் கூப்பிடும் 'மானெகி நெகோ' பொம்மையை நம் ஊர்க் கல்லாப்பெட்டி மேலும் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் அதை மிக அதிகமாகச் செய்யும் ஊர் இது. வலது கை தூக்கியிருந்தால் பணம் வரும், இடது கை தூக்கியிருந்தால் ஆள் வருவார்கள் என்று கணக்கு. இவர் இடது கைப் பூனையைத் தேடிப் போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். தெரு முடியும் இடத்தில் மதிலுக்கு மேலே தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் பெரிய பூனை 'தோகோன்யான்', உயரம் 3.8 மீட்டர், அகலம் 6.3 மீட்டர்.

கொஞ்சம் தள்ளிப் பீங்கான் மண்டபம் (தோஜிகி கைக்கான்) இருக்கிறது. 'யாகிமோனோ சம்போமிச்சி' எனப்படும் மண்பாண்ட நடைபாதை தொடங்குவது இங்கேதான். இரண்டு சுற்று உண்டு. 'ஏ' சுற்று 1.6 கிலோமீட்டர், 'பி' சுற்று 4 கிலோமீட்டர். முதல் நாள் 'ஏ' போதும். மூலைக்கு மூலை எண் போட்ட கம்பங்கள் நிற்கும், எண்ணைப் பிடித்துக்கொண்டே போகலாம். வழி தவறினாலும் நஷ்டமில்லை, எந்தச் சந்தில் நுழைந்தாலும் பத்து நிமிடத்தில் தெரிந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

இங்கேதான் அந்த இரண்டு வரைபடம் வேலைக்கு வரும். இவர் ஒவ்வொரு பலகையையும் கைபேசியில் மொழிபெயர்த்துப் படிப்பார். எனக்குப் பலகை வேண்டாம், கடைக்குள் நுழைய வேண்டும். முதல் அரை மணியில் "ஏங்க, வர்றீங்களா இல்லையா?" என்று நான் நாலு தடவை கேட்டாயிற்று. அப்புறம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இன்ன எண் கம்பத்தில் இன்ன நேரத்துக்குச் சந்திப்பது, அதுவரை அவரவர் வழி. பயணத்தில் நாங்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு அதுதான் என்று இவரும் ஒத்துக்கொள்வார்.

வழியில் தகிதா வீடு. கப்பல் வணிகம் செய்த குடும்பம், 1850 வாக்கில் கட்டிய வீடு. செய்த பானையை விற்கக் கப்பல் வேண்டும் அல்லவா? இந்த ஊர்ச் சாடிகள் நடுக்காலத்திலேயே கடல் வழியாக ஜப்பானின் வடகோடி வரைக்கும் தென்கோடி வரைக்கும் போயிருக்கின்றன. சிறு கட்டணம் வாங்குவார்கள். கப்பல் மாதிரிகள் பார்க்கலாம், காலை நீட்டிக் கொஞ்சம் உட்காரலாம்.

அதை ஒட்டியே 'தோக்கன்சாகா', குழாய் மேடு. எல்லோரும் படம் எடுக்கும் இடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சுட்ட மண் குழாய்கள், மெய்ஜி காலத்தவை (1868-1912). எதிர்ப்பக்கம் 1926-இல் பிறந்த ஷோவா காலத்தின் தொடக்கத்தில் சாராயம் நிரப்பச் செய்த பருத்த ஜாடிகள். தேறாமல் போன சரக்கை வீணாக்காமல் மண் சரியாமல் இருக்க அடுக்கிவிட்டார்கள். படம் எடுத்துவிட்டுக் கீழே பாருங்கள். நடக்கும் தரையில் வளையம் வளையமாக, வில்லை வில்லையாகச் சுட்ட மண் பதித்திருக்கும். சூளைக்குள் குழாய் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அடியில் வைத்த முட்டுத் துண்டுகள் அவை. அவற்றைக் 'கெசாவா' என்பார்கள். ஒரு தடவை சுட்டதும் உதவாது. தூக்கிப் போடாமல் மேட்டில் பதித்ததால் மழையில் கால் வழுக்காது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்தடி நடந்து பார்த்தேன். சொரசொரவென்று, வெயில் ஏறி இளஞ்சூடாக இருந்தது.

குழாய் எதற்கு என்று கேட்டால், நவீன ஜப்பான் தலையெடுத்தபோது கழிவுநீருக்கும் ரயில் பாதை அடிக்கால்வாய்க்கும் வலுவான மண் குழாய் ஏராளமாக வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுத்தே இந்த ஊர் பிழைத்தது. நுணுக்கமான தேநீர்க் கெண்டியும் சாக்கடைக் குழாயும் ஒரே ஊர் மண்ணில் பிறந்தவை என்பது எனக்குப் பிடித்துப்போன விஷயம்.

சூளை

'ஏ' சுற்றில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது ஏறுசூளைக்கு. 1887-இல் கட்டியது. மேட்டுச் சரிவில் 17 பாகை சாய்வில் எட்டு அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. கீழ் அறையில் மூட்டிய தீயின் அனல் மேல் அறைக்கு ஏறி, அதைச் சூடாக்கி, அதற்கும் மேலே போகும். உச்சியில் பத்துப் புகைபோக்கிகள். அவை ஒரே உயரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடுவில் இருப்பவை குட்டை, ஓரத்துக்குப் போகப் போக நெட்டை. ஓரத்தில் அனல் இழுவை குறையும் என்பதால் அங்கே புகைபோக்கியை உயர்த்தி, உள்ளே எல்லா இடத்திலும் தீ சமமாக ஓடும்படி செய்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க அன்று கருவி ஏது? எரித்து எரித்துக் கற்றுக்கொண்டது.

கடைசியாக எரிந்தது 1974-இல். உள்ளே எட்டிப் பார்த்தால் செங்கல் சுவர் கண்ணாடி பூசியது போலப் பளபளக்கும். பல ஆண்டுச் சாம்பலும் உப்பும் உருகிப் படிந்து, சுவரே மெருகு ஏறிவிட்டது. இவர் பலகை படித்து முடித்து வருவதற்குள் நான் அந்த இருட்டு வாயிலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணி வெயிலில் புகைபோக்கிகளின் நிழல் சரிவில் நீளமாக விழுந்திருந்தது.

ஐந்து மணிக்குக் கடைகள் மூடும். மூடினால் ஊரே அடங்கிவிடும், இரவு உணவுக்குப் பழைய தெருவில் அதிகம் கிடைக்காது. அதனால் மாலையில் ரயிலில் ஒரு நிறுத்தம் போய் ரிங்கு கடற்கரையில் சூரியன் மறைவதைப் பாருங்கள். எதிர்த்தாற்போல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். தங்கும் விடுதிகளும் அந்தப் பக்கம்தான் அதிகம், விலையும் நியாயம். பழைய ஊருக்குள்ளேயே தங்க வேண்டுமென்றால் பழைய வீட்டை மாற்றி அமைத்த சிறு விடுதிகளை முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

இரண்டாம் சுற்று: சனி காலை

இதுதான் நான் வற்புறுத்திச் சொல்வது. முதல் நாள் போன அதே 'ஏ' சுற்றை மறுநாள் காலை எட்டு மணிக்கு எதிர்த்திசையில் நடங்கள். கடை ஒன்றும் திறந்திருக்காது. அதனால் கண் தானாகச் சுவருக்குப் போகும். கரிய நிறம் பூசிய பலகைச் சுவர்கள், ஓட்டுக் கூரைக்கு நடுவே மேலே செடி முளைத்த செங்கல் புகைபோக்கிகள், வாசலில் பூத்தொட்டியாக உட்கார்ந்திருக்கும் குழாய்த் துண்டுகள். முதல் நாள் நான் கல் என்று நினைத்துத் தாண்டிய மதில் ஒன்று முழுக்க உடைந்த பானை அடிப்பாகங்கள் என்பது அன்று காலைதான் தெரிந்தது. ஒரு பாட்டி தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "ஒஹாயோ கொசாய்மாஸ்" என்றோம். அவரும் சொல்லிவிட்டு, தோக்கன்சாகா பக்கம் கையைக் காட்டினார். வழி தவறிவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

இது மக்கள் குடியிருக்கும் தெரு. சத்தம் போடாதீர்கள், திறந்திருக்கும் பட்டறைக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

அப்புறம் காலை உணவு. நகோயாவும் தோகோனாமேயும் இருக்கும் ஐச்சி மாகாணத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. காலையில் காபிக் கடைக்குப் போய் ஒரு காபி சொன்னால் கூடவே தடிமனான டோஸ்ட்டும் பல இடங்களில் ஒரு முட்டையும் காபி விலையிலேயே வரும். அதற்கு 'மோர்னிங்கு' என்று பெயர். அவசரமாகக் குடித்துவிட்டு எழ வேண்டியதில்லை, உள்ளூர்ப் பெரியவர்கள் செய்தித்தாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

கெண்டி வாங்குவது

பத்து மணிக்குக் கடை திறக்கும். தோகோனாமே க்யூசு என்றாலே செம்மண் நிறம். இந்த ஊர் மண்ணில் இரும்பு அதிகம், மெருகு பூசாமல் சுட்டாலே அந்தச் சிவப்பு வந்துவிடும். இரும்புச் சத்து தேநீரின் துவர்ப்பைத் தணிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். என் நாக்குக்கு அது தெரியவில்லை. 1878-இல் கோயே ஹோஜு என்பவர் சீனத்திலிருந்து ஜின் ஷிஹெங் என்ற கைவினைஞரை வரவழைத்து, அந்நாட்டுச் செம்மண் கெண்டி செய்யும் முறையை ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். அங்கிருந்து வளர்ந்த கலையில் மூன்றாம் யமாதா ஜோஸான் 1998-இல் நாட்டின் 'வாழும் தேசியச் செல்வம்' ஆனார், க்யூசு செய்ததற்காக.

கையில் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "சவத்தே மோ ஈ தெஸ் கா?" தொடலாமா என்று அர்த்தம். இரண்டு கையால் எடுங்கள், மூடியை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிடுவது நல்லது.

பார்க்க வேண்டியவை இவை. முதலில் மூடி. நல்ல கெண்டியில் மூடியைப் போட்டுச் சுற்றினால் தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும், ஆனால் ஆடாது. மூடியும் உடலும் தனித்தனியாகப் பொருந்திவிடுவதில்லை. சுட்ட பிறகு நடுவில் ஈரமான தேய்ப்புப் பொடி வைத்து ஒன்றோடொன்று தேய்த்து இழைத்து இணைக்கிறார்கள். அதனால் ஒரு கெண்டியின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. ஒன்று உடைந்தால் இரண்டும் போச்சு. மூடியில் இருக்கும் சிறு துளையை விரலால் அடைத்துக்கொண்டு ஊற்றினால் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது ஒரு சோதனை. கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், சில கடைக்காரர்கள் தாங்களே காட்டுவார்கள்.

அடுத்து உள்ளே பாருங்கள். மூக்கின் அடியில் மண்ணாலேயே செய்த சல்லடை இருக்கும். துளைகள் எவ்வளவு சன்னமோ அவ்வளவு நல்லது, பொடித் தேயிலை அடைக்காது. இரண்டு பேருக்கு 200 முதல் 250 மில்லி கொள்ளும் கெண்டி போதும். பால் டீயைச் செம்பு செம்பாகக் குடித்துப் பழகிய நமக்கு அது பொம்மை மாதிரி தெரியும். பெரியதாக வாங்கிவிடாதீர்கள், பச்சைத் தேயிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவை வடிப்பார்கள்.

விலை? அன்றாடப் புழக்கத்துக்கு சுமார் 3,000 முதல் 5,000 யென்னுக்கு நல்ல கெண்டி கிடைக்கும். பெயர் பெற்ற கலைஞர் செய்தது பல மடங்கு. சில கெண்டிகளில் கொடி கொடியாகத் தடம் தெரியும். கடற்பாசியைச் சுற்றிச் சுட்டது அது. பாசி எரிந்துபோய் அதன் உப்பு மண்ணில் வரைந்துவிட்டுப் போன கோலம். கடலோர ஊருக்கு எவ்வளவு பொருத்தம். எனக்கு அதன் மேல்தான் கண்.

ஆனால் நாங்கள் தேடி வந்தது வேறு. மூன்று கடையில் இல்லை என்றார்கள். நான்காவது கடையில் வாய் திறந்து எதுவும் கேட்கவே இல்லை. இவர் ஒரு கெண்டியை இடது கையில் எடுத்து ஊற்றுவது போலச் சாய்த்துப் பார்த்தார், முழங்கை தோள் உயரத்துக்குப் போயிற்று. கடைக்காரப் பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஹிதாரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். இடது என்று பொருள். திரும்பி வந்தபோது கையில் பிடி மறுபக்கம் வைத்த ஒரு சிவப்புக் கெண்டி. இவர் கையில் வைத்ததும் முழங்கை கீழே இறங்கிவிட்டது. விலையைக்கூடக் கேட்காமல் "இது போதும்மா" என்றார். நான் கேட்டேன், 6,000 யென்னுக்குள்தான்.

நீங்களும் இடது கைக்காரர் என்றால் "ஹிதாரிகிகி யோ நோ க்யூசு" என்று கேளுங்கள்.

கை வைத்துச் செய்வது

ஊரில் பல பட்டறைகளில் நாமே மண் பிசைந்து செய்யலாம். ஆளுக்கு ஏறக்குறைய 2,000 முதல் 4,000 யென் ஆகும், முன்பதிவு செய்வது நல்லது. சக்கரத்தில் செய்வதை விட, மண்ணைத் திரி திரியாக உருட்டி அடுக்கும் முறை புதியவர்களுக்கு எளிது. சக்கரத்தில் இரண்டு பேரும் படம் எடுத்துக்கொள்ளலாம், பாத்திரம் பெரும்பாலும் சொல்லித்தருபவர் செய்ததாக இருக்கும்.

இரண்டு விஷயம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒன்று, காய வைத்துச் சுட்டு அனுப்ப ஒன்று இரண்டு மாதம் ஆகும். வெளிநாட்டுக்குப் பல பட்டறைகள் அனுப்புவதில்லை. எங்களுக்கு நகோயாவில் ஒரு நண்பர் இருந்ததால் தப்பித்தோம். அப்படி யாரும் இல்லையென்றால் ஏற்கெனவே சுட்ட பூனைப் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வகுப்பில் சேருங்கள், கையோடு எடுத்துவரலாம். இரண்டாவது, மண் சுருங்கும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் எட்டில் ஒரு பங்குக்கு மேலேயே குறுகலாம். நீளம் அகலம் உயரம் மூன்றிலும் குறுகுவதால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காபிக்கு என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த டம்ளர் நண்பர் வழியாக வந்து சேர்ந்தபோது கஷாயம் கொடுக்கும் கிண்ணம் போல இருந்தது.

சாப்பாடு, சைவர்களுக்கு

இவர் சைவம். இந்தப் பகுதி சிவப்பு மிசோவுக்கும் (புளிக்க வைத்த சோயா விழுது) சிப்பி மீனுக்கும் பேர்போனது. சிக்கல் கறியில் இல்லை, 'தாஷி'யில் இருக்கிறது. காய்ந்த மீனைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு அது. வெறும் மிசோ சூப், ஊதோன் என்ற தடித்த நூடுல்ஸின் குழம்பு, வேக வைத்த கீரை, சோறு அடைத்த இனாரி சுஷியின் டோஃபூத் தோல் என்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் இருக்கும். "நிகு தோ சகானா வா தாபெமாசென், தாஷி மோ தாமே தெஸ்" என்று எழுதி வைத்துக் காட்டுங்கள்: கறி மீன் சாப்பிடுவதில்லை, தாஷியும் ஆகாது. நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் புளிப்பு உமே காய் ஊறுகாய் வைத்த ஓனிகிரி (சோற்று உருண்டை) வாங்கிக் கையில் வைத்திருங்கள். ஊறுகாய்ப் பொட்டலமும் சப்பாத்தியும் கொண்டுபோனது பற்றி எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

சனி மதியம் நேரம் இருந்தால்

இனாக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கால்வலி இல்லையென்றால் நடந்தே போகலாம், 'பி' சுற்றில் வருகிறது. 1921-இல் கட்டிய பெரிய சூளைக்குள்ளேயே நுழைந்து நிற்கலாம். உலகின் பல காலத்து ஓடுகள், நீலப் பூ வரைந்த பழைய பீங்கான் கழிவறைக் கோப்பைகள் எல்லாம் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் தோக்கியோவில் கட்டிய இம்பீரியல் ஹோட்டலுக்கு மஞ்சள் செங்கல்லும் சுடுமண் அலங்காரமும் சுட்டுக் கொடுத்தது இந்த ஊர். அந்த ஹோட்டலின் திறப்பு விழாவுக்குக் குறித்த நாள் 1923 செப்டம்பர் 1. அன்று மதியம்தான் கான்தோ பெருநிலநடுக்கம் தோக்கியோவை அழித்தது; ஹோட்டல் நின்றது. பின்னாளில் இடித்தபோது அதன் முகப்பைப் பெயர்த்துக் கொண்டுபோய் இனுயாமாவில் மெய்ஜி முரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். இனுயாமாவும் அதே மெய்தெட்சு ரயிலில்தான், மூன்றாவது நாள் இருந்தால் போகலாம். களிமண் உருண்டையைக் கையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல மின்ன வைக்கும் பயிற்சியும் இனாக்ஸில் உண்டு. இவர் ஒன்றரை மணி நேரம் அதில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே காபி குடித்தேன்.

கட்டி எடுத்து வருவது

கெண்டியைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றாதீர்கள், கைப்பையில் வையுங்கள். கடையில் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். மூடியைத் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பிடிதான் முதலில் உடையும், அதைச் சுற்றி ஒரு காலுறையை மாட்டிவிட்டோம். உள்ளே காலியாக விடாமல் இன்னொரு காலுறை.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். மெருகு பூசாத மண் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் அலசி, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காய வையுங்கள்.

போடும் முறை இது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 அல்லது 80 டிகிரிக்கு ஆற விடுங்கள், இல்லையென்றால் கசக்கும். இரண்டு சிறு கரண்டித் தேயிலை, தண்ணீர் ஊற்றி மூடி ஒரு நிமிடம். அப்புறம் ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. முதல் கோப்பையில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், மறுபடி இரண்டாவதில், பிறகு முதலாவதில் என்று மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டு பேர் கோப்பையிலும் ஒரே காட்டம் இருக்கும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும், உள்ளே தங்கினால் அடுத்த தடவை துவர்க்கும். எங்கள் வீட்டில் இந்த வேலை இப்போது இவருடையது. விரிப்பு நனைவதில்லை.